அக்காவின் மீன் தொட்டியும் அப்பாவின் போர்த் தண்ணீரும்

நம் செட்டில் நாலைந்து பேர் இப்போது வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள். குழுவில் படம் போடுகிறீர்கள். உள்ளே செடி, மேலே வெள்ளை விளக்கு, மரக்கட்டையில் படர்ந்த பாசி, நடுவே நீலமும் சிவப்புமாக மீன்கள். நானும் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு நகர்ந்துவிடுவேன். போன வாரம் ஒருவன், 'உனக்குத்தான் இதெல்லாம் ஆகாதே' என்று எழுதியிருந்தான். ஆகாமல் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒரு புரட்டாசியில் ஆரம்பித்து அடுத்த தை வரைக்கும் இருந்தது. உங்களில் யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. நமக்கு ஒன்றும் கிழட்டு வயசு வந்துவிடவில்லை. ஆனாலும் சிலதை நினைக்க உட்கார்ந்தால் வயசு தானாகக் கூடிவிடுகிறது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் ரிக் வண்டியில் போவார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா போனார். வடக்கே சத்தீஸ்கர், ஒடிசா என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் டிரில்லர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அங்கே மழை பிடித்து வேலை நிற்கும்போது வண்டி ஊருக்கு வரும், அப்பாவும் வருவார். மழை விட்டதும் போய்விடுவார். பொங்கலுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

வீட்டில் இருக்கும் நாட்களிலும் அவரிடம் பேச ஒரு தயக்கம் இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஏதோ யோசனையில் இருக்கிறார் என்போம். டிவியை அலற வைப்பார். அவர் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ரிக்குக்காரர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், கம்ப்ரெசர் சத்தத்தில் இருந்து பழக்கம் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அக்கா ஒன்பதாவது, நான் நாலாவது. அக்காவுக்கு மீன் தொட்டி ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அறிவியல் பாடத்தில் தண்ணீருக்குள் செடி மூச்சு விடும் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் இருந்தார். டிரைவர் கேபினுக்கு முதுகுப்பக்கம் பதிக்கும் கண்ணாடி வெட்டியது போக மிஞ்சின துண்டுகள் அங்கே கிடக்கும். அக்கா கேட்டு ஒரு மாதம் கழித்து, பழைய போர்வையில் சுற்றிய தொட்டியை மொபெட்டில் வைத்துக் கொண்டு வந்தார். ஓரங்களில் கறுப்புப் பசை பிதுங்கியிருந்தது. புளித்த காடி வாசனை அடித்தது. கூடவே பலகையில் ஒரு ஸ்டாண்டு. பட்டறையில் லாரிக்கு எழுத்து எழுதுகிறவர் அதன் முகப்பில், மஞ்சளில் சிவப்பு நிழல் கொடுத்து, 'ஒலி எழுப்பாதீர்' என்று எழுதித் தந்திருந்தார்.

"லாரிக்குன்னா எழுப்பச் சொல்லி எழுதறோம். மீனு பயந்துக்குமல்ல அம்மிணி" என்றார் மாமா.

மீன் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. முதலில் மண் வந்தது. ஏரிக்கரையிலிருந்து வண்டல் மண்ணைச் சலித்து அடியில் பரப்பி, மேலே ஆற்று மணலைப் போர்த்தினாள். பள்ளிபாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது ஆற்றோரத்தில் முட்டிவரை இறங்கி இரண்டு விதமான செடியைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஒன்று ரிப்பன் மாதிரி நீள இலை, இன்னொன்று கணுவுக்குக் கணு பொடி இலை. அதை மணலுக்குள் விரலால் அழுத்தி நட்டாள். ஒரு தட்டத்தை அடியில் வைத்து, தட்டத்தின் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள், மண் கலங்காமல் இருக்க.

அந்தத் தண்ணீர்தான் வீட்டில் முதல் சண்டை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு போர்க்கிணறு இருந்தது. அப்பா கல்யாணமான புதிதில் தன் கையாலேயே போட்டது. ஊரே வறண்ட கோடையிலும் அது வற்றியதில்லை. ஆழத்திலிருந்து வருவதால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், குடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குளிக்க, துவைக்க அதுதான். குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வரும், வாரத்தில் ஒரு நாள், அதுவும் கொஞ்ச நேரம். அதை நாங்கள் நல்ல தண்ணி என்போம். அக்கா தன் தொட்டிக்கு அந்த நல்ல தண்ணிதான் வேண்டும் என்றாள். போர்த் தண்ணியில் மீன் செத்துவிடும் என்று அறிவியல் டீச்சர் சொன்னாராம்.

"ஊரு சனம் குடிக்கறதுக்கு அடிச்சுக்குது. இவ மீனுக்கு நல்ல தண்ணி ஊத்தறாளாமா" என்று அம்மா குழாயடியில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஆனாலும் இரண்டு குடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் தொட்டியில் செடி மட்டும்தான். தண்ணீர் கலங்கியது, பழுப்பானது, பிறகு ஒரு காலையில் கண்ணாடியே இல்லாத மாதிரி தெளிந்திருந்தது. வாடிப்போயிருந்த இலைகளுக்கு நடுவிலிருந்து புதுசாக வெளிர்ப்பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் விழும் நேரத்தில் இலை நுனிகளில் முத்து முத்தாகக் காற்று கோத்து நிற்கும். ஒவ்வொன்றாகக் கழன்று நூல் பிடித்த மாதிரி மேலே போகும். நானும் அக்காவும் பல் விளக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். மழை பெய்து ஓய்ந்த வயலின் வாசனை அந்தத் தொட்டியில் அடித்தது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுகிறேன்.

கோயில் விசேஷத்துக்குச் சாமான் வாங்க மாமா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனபோது அக்காவும் தொற்றிக்கொண்டாள். திரும்பி வரும்போது பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், மீன் இருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். யாராவது இடித்தால் சீறினாளாம். பையைப் பிரிக்காமல் அப்படியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். நான் அவசரப்பட்டேன். "புது ஊட்டுக்கு வந்தவங்களை ஒடனே உள்ள தள்ளுவியாடா? கொஞ்சம் பழகட்டும்" என்றாள். வாலில் நீலக்கோடு போட்ட சின்ன மீன்கள். இலைகளுக்குள் புகுந்ததும் காணாமல் போய், பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அதற்கு முன்னால் அப்பாவின் ஃபோன் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரும். "சாப்ட்டியா சாமி, படிக்கறயா சாமி" என்பார். நாங்கள் உம் என்போம். அம்மாவிடம் போய்விடும். மீன் வந்த பிறகு அக்கா ஃபோனை விடவே மாட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கதை முழுவதும் சொல்வாள். எந்த மீன் எதைத் துரத்தியது, எந்தச் செடி புதுக் கன்று விட்டது, நத்தை ஒன்று எங்கிருந்தோ வந்து கண்ணாடியில் ஏறியது. அடியில் இருக்கும் மண்ணைக் கலைக்கக் கூடாது, அதில்தான் உயிர் இருக்கிறது. எல்லாத் தண்ணியையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. போர்த் தண்ணி ஒரு சொட்டும் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "சேரி சாமி... சேரி சாமி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் சிரிப்பார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து அப்பாவோடு அவள் அவ்வளவு பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனை வைத்துவிட்டு, "அப்பா பொங்கலுக்கு வராராமா. மீனைப் பாக்கறதுக்கே வராராமா" என்றாள். அதன் பிறகு அவளுக்குத் தொட்டி தொட்டியாக இல்லை. அப்பாவுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் ஒன்றாகிவிட்டது. குட்டை இலைகளை முன்னாலும் நீள இலைகளைப் பின்னாலும் மாற்றி நட்டாள். கருவேலங்கட்டை ஒன்றை ஊறவைத்துக் குறுக்கே சாய்த்தாள். அதிலிருந்து இறங்கிய சாயத்தில் தண்ணீர் லேசாகத் தேநீர் நிறத்துக்கு வந்தது. மீன்களின் நீலக்கோடு அதில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடியின் பின்பக்கத்தில் படிந்த பச்சையை நத்தைக்காக அப்படியே விட்டுவைத்தாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டு. அப்பா அதற்கும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் வாசலில் வந்து கிடந்தது. பொங்கலுக்கு முன்னால் வீட்டில் எந்தப் பொருளும் கழுவாமல் இருக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அப்பா பையை வைத்தார், தொட்டியைப் பார்த்தார். பழுப்புத் தண்ணி, அடியில் சேறு, கண்ணாடியில் பாசி. பிள்ளை ஆசையாக வளர்க்கிறது, கழுவிக் கொடுக்க வீட்டில் ஆளில்லை என்று நினைத்திருக்கிறார். அவள் வரட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "நான் சொன்னனே, அந்த மனுசன் காதுலயே போட்டுக்கல" என்று பின்னால் பல தடவை சொன்னாள்.

நாங்கள் பையோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொட்டி பளபளவென்று இருந்தது. தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்திருக்கிறார். வண்டல் மண் முழுவதும் முருங்கை மரத்தடியில் கிடந்தது. அதற்குப் பதிலாக, அடியில் கல் சில்லுகள். செங்கல் நிறம், வெள்ளை, கறுப்பு, ஒரு விதமான பச்சை. போர் போடும்போது ஆழத்திலிருந்து காற்றோடு மேலே பீய்ச்சியடிக்கும் சில்லுகள் அவை. ஒவ்வொரு ஊரிலும் நல்ல நிறமாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, ஒரு பால் பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். செடிகளைத் தூக்கி எறியவில்லை. இலை இலையாகக் கழுவி, நாற்று நடுகிற மாதிரி வரிசை பிடித்து அந்தச் சில்லுகளில் நட்டிருந்தார். வாசல் போரிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் பிடித்திருந்தார். அவர் தொண்டைத்தண்ணி வற்ற ஊர் ஊராகத் தேடுவது அந்தத் தண்ணீரைத்தான். அதைவிடச் சுத்தமான ஒன்று அவருக்குத் தெரியாது.

தொட்டிக்குப் பக்கத்தில், துண்டில் கையைத் துடைத்தபடி, சிரித்துக்கொண்டு நின்றார். "வா அம்மிணி. பாரு உன்ற தொட்டிய. நம்ம போர்த் தண்ணி, பாலாட்ட இருக்குது" என்றார்.

மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில அதற்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. அக்கா புத்தகப் பையோடு குடிக்கிற தண்ணிப் பானைப் பக்கம் ஓடினாள். ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணி மொண்டு, கையாலேயே மீன்களை அள்ளி அள்ளி அதில் போட்டாள். கிண்ணத்திலும் அவை அப்படியேதான் சாய்ந்தன. அப்பா என்னவென்று புரியாமல் குனிந்து பார்த்தார். அம்மா சுண்ணாம்புக் கையோடு வந்து நின்றாள். அக்கா அழவில்லை. நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை, சாதாரணக் குரல்தான்.

"எத்தனை தடவை சொன்னனுங்ப்பா. நீங்க வராமயே இருந்திருக்கலாம். நீங்க இல்லாதப்பத்தான் எல்லாம் நல்லா இருந்துச்சு."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஃபோனில் சொல்கிற மாதிரியே, "சேரி சாமி" என்றார்.

அந்தப் பொங்கலில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா சில்லுகளை வாரி முருங்கை மரத்தடியில் கொட்டினாள். தொட்டியைக் காலியாகவே ஸ்டாண்டில் வைத்தாள். அத்தை வந்திருந்தாள். நாலெழுத்துப் படித்ததும் பெற்றவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டான் என்று பொதுவாகச் சொன்னாள். மாட்டுப் பொங்கல் அன்றைக்கே அப்பா கிளம்பிவிட்டார். வாரேன் என்று என்னிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார். அக்கா உள்ளே இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தபோது அவள் வாங்கவில்லை. அதற்கடுத்த வாரமும் வாங்கவில்லை. நான்தான் வாங்கி உம் கொட்டினேன். கோபத்தில் இருக்கிறார், அதனால்தான் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறார் என்று அம்மா சொன்னாள்.

ஆடியில் மழைக்கு வண்டி ஊர் திரும்பியது. அப்பாவோடு ரிக்கில் சமையல் பார்க்கும் அண்ணனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா கொல்லைப்புறம் கை கழுவப் போயிருந்தார். சமையல்கார அண்ணன் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கிட்டப் போய் ஸ்டாண்டில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"இதுதானுங்களா அந்தத் தொட்டி? வேலையில்லாதப்ப எல்லாம் இதைப் பத்தித்தான் பேச்சு. என்ற புள்ள கண்ணாடிக்குள்ள ஒரு காடு வெச்சிருக்குதுன்னு ரோட்டுல போற லாரிக்காரனை எல்லாம் நிறுத்திச் சொல்லுவாருங்க."

அம்மா சோறு போட்டுக்கொண்டே, நேரில் ஒரு வார்த்தை பேசாத மனுசன் அங்கே பேசுகிறாராக்கும் என்றாள். மகள் அத்தனை சொல்லியும் கேட்காமல் மீனைக் கொன்றவர்தானே என்றும் சொன்னாள்.

சமையல்கார அண்ணன் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். "கேக்காமன்னா... அண்ணனுக்குக் காது போயி ரெண்டு மூணு வருசம் ஆச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கிட்ட இருந்தால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாராம். ஃபோனில் ஒன்றும் கேட்காதாம். தெரிந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருக்கிறார். அக்கா முதன்முதலில் நீளமாகப் பேசிய அன்று இவரிடம் ஃபோனைக் கொடுத்து என்ன சொல்கிறாள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். மீன் வளர்க்கிறாளாம், செடி நட்டிருக்கிறாளாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அது போதும் என்று ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேபினுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"லேசா இரையற மாதிரி கேக்குதுடா, அது போதும்பாருங்க" என்றார் அந்த அண்ணன்.

அக்கா எழுந்து கொல்லைப்புறம் போனாள். நானும் பின்னால் போனேன். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி முருங்கை மரத்தைப் பார்த்து நின்றிருந்தார். "அப்பா" என்றாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாக "அப்பா" என்றாள். அதற்கும் திரும்பவில்லை. அவர் தானாகத் திரும்பியபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அக்கா மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைக் கையாலேயே கிளறினாள். மழையிலும் கோழி சீய்த்ததிலும் சில்லுகள் புதைந்துபோயிருந்தன. கிடைத்ததைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து எடுத்தாள். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

அதற்குப் பிறகு அக்கா மறுபடி அவரிடம் பேச ஆரம்பித்தாள். சாப்பிட வாங்க, மழை வருது, ஆள் வந்திருக்காங்க. எல்லாமே கத்தித்தான். ஆனால் கத்திச் சொல்ல முடியாத சொற்கள் இருக்கின்றன. எதிரே நின்று வாயை அசைத்துச் சொல்லலாம். அன்றைக்குச் சொன்னதும் அப்படி நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துத்தானே, அது அவருக்குப் புரிந்திருந்தால்? புரியாமல் இருந்திருந்தால், இப்போது போய் அதைத் தெரியப்படுத்துவதா? எழுதிக் காட்டலாம் என்றால், எங்கள் வீட்டில் எழுதவும் படிக்கவும் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். வேறு யாரிடமாவது கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்கிற விஷயமா அது?

அப்பா இன்னும் சில வருஷம் வண்டிக்குப் போனார். பிறகு ஏற்றவில்லை. சேலத்தில் பெரியாஸ்பத்திரியில் காது நரம்பு போய்விட்டது என்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்ததும் காதில் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் மாட்டினார். ரிக் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது என்று கழற்றிவிட்டார். அதற்கெல்லாம் முன்பே, பன்னிரண்டாவது முடித்த கையோடு அக்காவைப் பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். தொட்டியை அம்மா கொஞ்ச நாள் வெங்காயம் போட வைத்திருந்தாள். ஒரு கோடையில் விரிசல் விட்டது. ஸ்டாண்டு மட்டும் இருக்கிறது, எழுத்து பாதி உதிர்ந்து. அதன் மேல்தான் அப்பாவின் மாத்திரை டப்பா இருக்கிறது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோன் போடுவாள். அப்பாவிடம் கொடு என்பாள். வீடியோவில் வா, வாயைப் பார்த்தாலாவது அவருக்குப் புரியும் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிடுவாள். அப்பா ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, கிழக்கு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "சேரி சாமி" என்பார். நடுவில் சிரிப்பார்.

போன மாதம் அவர் கன்னம் பட்டு ஸ்பீக்கர் வந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. நான் அணைக்கத்தான் எழுந்தேன். அதற்குள் அக்காவின் குரல் கூடம் முழுவதும் கேட்டது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புங்ப்பா. மீனு போனாப் போவுதுங்ப்பா. நீங்க வந்ததுதான் எனக்கு வேணும். உங்களுக்குக் காட்டறதுக்குத்தானுங்ப்பா வெச்சிருந்தேன்."

"சேரி சாமி" என்றார் அப்பா.

பிறகு அதையே மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வாராவாரம் சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி இருந்தது. வீடியோ வேண்டாம் என்பது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேசி முடித்ததும் அப்பா ஃபோனை என்னிடம் நீட்டினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"மீனெல்லாம் நல்லா இருக்குதாம். குட்டி போட்டிருக்குதாம்."

அக்கா வீட்டில் தொட்டி கிடையாது. அதற்குப் பிறகு அவள் மீன் வளர்க்கவே இல்லை. நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாய் தெரிகிற மாதிரி, "ஆமாங்ப்பா" என்றேன்.